மாப்பிள்ளைப் பாறையில் வாக்கெடுப்பு

கொசுவுக்கு மட்டும் ஓட்டு இருந்திருந்தால், இந்த ஊரில் அது போட்டியே இல்லாமல் ஜெயித்திருக்கும்.

கலைமதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்ததில் பாதியை விழுங்கிவிடுவது அவளுக்கு ஆறு வருஷப் பழக்கம். எதிரே, ஊராட்சி அலுவலக மேசையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அரவிந்த்குமார் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து வட்டாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர். சட்டைக் காலர்கூட ஆர்வமாக இருந்தது.

"டெங்கு ஆறு பேருக்கு. புகை மருந்து மெஷின் ஒண்ணு. தெரு நாலு. எந்தத் தெருவுக்கு முதல்ல அடிக்கிறது? இதை யாரு முடிவு பண்ணணும் மேடம்?"

மேடம் என்று யாரைக் கூப்பிடுகிறார் என்று கலைமதி திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"காய்ச்சல் வந்த வீட்டைச் சுத்தி அடிச்சாப் போதும் சார். யார் யாருன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"அது உங்க முடிவு. நமக்கு வேண்டியது மக்களோட முடிவு."

நோட்டை மூடிக்கொண்டாள்.

குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கரட்டுப்பட்டியில் ஆள் குடியிருக்கும் வீடு நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் டிரம், தொட்டி, பிரிட்ஜின் பின்தட்டு என்று டார்ச் அடித்துப் புழு தேடுவது கலைமதியின் வேலை. குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் ஊரில் ஆட்களைவிட டிரம்கள் அதிகம். பிடித்து வைத்ததைக் கவிழ்க்கச் சொன்னால் கோபம் வரும்.

"நேத்துத்தானே பாத்துட்டுப் போனே? ஒரு ராத்திரியில கொசு என்ன கலியாணமா முடிச்சிருக்கும்?"

முடித்திருக்கும் என்று சொல்ல வருவாள், சொல்லமாட்டாள். தினமும் காலையில் கை கால் முழுக்க வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு கிளம்புவதால் அவள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். "கொசுக்காரம்மா வருதுடி, டிரம்மை மூடு" என்ற குரல் உள்ளே கேட்கும்.

அவள் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்கிற வீடு ஒன்று உண்டு. நடுத்தெருவில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு, வைஷ்ணவியின் வீடு. கணவன் வசந்த் குவைத்தில் இருக்கிறான். அவளுக்கு ஏழு மாதம். இந்தச் சமயத்தில் டெங்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கலைமதி அந்த வீட்டு டிரம்மைத் தினமும் இரண்டு வேளை பார்த்தாள். ஊர் எப்படிப் போனாலும் இந்த ஒரு வீட்டை விட்டுவிடக் கூடாது என்பது அவள் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு.

"ஆப் பேரு 'நம்ம ஊர் நம்ம முடிவு'" என்றார் அரவிந்த்குமார். "வீட்டுல உக்காந்துக்கிட்டே ஓட்டுப் போடலாம்."

"வீட்டுல நெட் எடுக்காதுங்க சார்" என்றார் ஊராட்சித் தலைவர் அமிர்தவல்லி. "பாறைக்குத்தான் போகணும்."

"எந்தப் பாறை?"

அமிர்தவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "மாப்பிள்ளைப் பாறை."

ஊருக்கு வடக்கே இருக்கும் கரடு அது. கரட்டுப்பட்டிக்குள் போன் அடிக்கும், கத்திப் பேசினால் கேட்கும். முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு நெட் வேண்டுமென்றால் அந்தக் கரட்டின் உச்சிதான். ஆண்களில் பாதிப்பேர் ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர். சாயங்காலம் நாலு மணி ஆனால் பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பாறையேறுவார்கள். ஆளுக்கொரு குழிவில் உட்கார்ந்து, போனில் கணவன் முகத்தைப் பார்த்து, சிரித்து, சண்டை போட்டு, பொழுது சாய இறங்குவார்கள். கலியாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தாலும் பாறையில் தெரிகிற முகத்துக்கு மாப்பிள்ளை என்றுதான் பேர்.

"அருமை" என்றார் அரவிந்த்குமார். "அதுதான் நம்ம ஓட்டுச்சாவடி."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மேலத்தெரு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் வெற்றி.

"மேலத்தெருவுல பச்சைப் பிள்ளையையும் சேத்தா எண்பது பேருதானே சார்?" கலைமதி மெதுவாகக் கேட்டாள்.

"மிச்சம் வெளிநாட்டுல இருந்து வந்திருக்கு மேடம். எவ்வளவு அக்கறை பாருங்க."

அக்கறைதான். புவனேஸ்வரியின் கணவன் உதயசூரியன் ஷார்ஜாவில் தன்னோடு தங்கியிருக்கும் அத்தனை பேரின் போனையும் வாங்கி மேலத்தெருவுக்குக் குத்தியிருந்தான். அதில் மூன்று பேர் வங்காளிகள். ஒருவர் நேபாளத்துக்காரர். அவர்கள் எல்லோரும் கரட்டுப்பட்டி மேலத்தெருவின் சுகாதாரத்தில் கவலை கொண்டிருந்தார்கள்.

புகை மெஷின் மேலத்தெருவுக்குப் போனது. அங்கே பதினாலு வீடு பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டுக் காசில் கட்டி, பால் காய்ச்சி, பூட்டிவிட்டுப் போன வீடுகள்.

"பூட்டின வீட்டுக்கு எதுக்குங்க?" என்று மெஷின்காரர் கேட்டார்.

"ஓட்டுப் போட்டவங்க வீட்டை விட முடியுமா?" என்றார் அமிர்தவல்லி. "ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் புகையோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காக. கதவு நம்பரு தெரியணுமாம்."

பதினாலு போட்டோக்களையும் பாறையேறி அனுப்பும் வேலை கலைமதிக்கு வந்தது. உதயசூரியனிடமிருந்து பதில் வந்தது: 'எங்க சித்தப்பா வீட்டு மாடிக்கு அடிக்கலை.'

அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் பதினொன்று.

மறுநாள் கீழத்தெரு திரண்டு வந்தது. முன்னால் நின்றவர் இளநீர் வியாபாரி ராக்கன்.

"தேர் இழுக்கையிலதான் அவுகளுக்கு முதல் மரியாதை. பொறுத்துக்கிட்டோம். கொசுப் புகையிலயும் அவுகளுக்குத்தான் முதல் மரியாதையா? எங்க தெருவுக் கொசு என்ன மட்டமா?"

"மட்டமுன்னு யாரு சொன்னா ராக்கன்?"

"ஆப்பு சொல்லுது தலைவரம்மா! நாலாவது எடமுன்னு போட்டிருக்கு. சம்பந்தகாரன் போன் பண்ணிக் கேக்குறான்."

அரவிந்த்குமார் இதை எதிர்பார்த்தவர்போலக் கையைத் தேய்த்தார். "இதைத்தான் பின்னூட்டம்னு சொல்றோம். சரி பண்ணிடலாம். இனிமே ஊருக்குள்ள இருக்கிறவங்க மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். போன் இருக்கிற இடத்தை ஆப்பே கண்டுபிடிச்சிடும்."

நியாயமான திருத்தம்தான். ஆனால் ஊருக்குள் இருப்பதை ஆப்புக்கு நிரூபிக்க நெட் வேண்டும். நெட்டுக்குப் பாறை வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வைத்திருந்த பெண்கள் மட்டும் ஏறிய பாறையில், ஊரில் இருந்த மாப்பிள்ளைகளே ஏறினார்கள். மாமியார்கள் ஏறினார்கள். முட்டி வலிக்காரர்களைத் தோள் கொடுத்து ஏற்றினார்கள். ராக்கன் ஒரு வண்டி இளநீரைக் கொண்டுவந்து பாறையின் பின்பக்கம் இறக்கினார். எதிர்ப்பையும் தெரிவித்த மாதிரி ஆயிற்று, வியாபாரமும் பார்த்த மாதிரி ஆயிற்று.

மேலத்தெரு எண்பத்தேழு. கீழத்தெரு எண்பத்தேழு.

"இப்ப என்னம்மா செய்றது கலை?" அமிர்தவல்லி கலைமதியின் காதில் கேட்டார்.

"காய்ச்சல் வீடு இப்ப பதினாறு ஆயிருச்சுங்க. நோட்டுல..."

"நோட்டைக் காட்டுனா மேலத்தெருக்காரன் அடிப்பான். பேசாம இரு."

தீர்ப்பை அமிர்தவல்லியே சொன்னார். இரண்டு தெருவும் சேருகிற முக்கில் மெஷினை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடிப்பது. முக்கில் வைத்தார்கள். காற்று குறுக்கே அடித்தது. புகை முழுவதும் இரண்டு தெருவையும் தொடாமல் நேராகக் கண்மாய்க்குப் போனது. படுத்திருந்த எருமைகள் எழுந்து, திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு இடம் போய்ப் படுத்தன.

காய்ச்சல் பத்தொன்பது.

"ஒரு ஆள் மூணு போன்ல குத்துறாங்க மேடம். அதான் தப்பு எங்க நடக்குதுன்னு புரிஞ்சுபோச்சு." அரவிந்த்குமாரின் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. ஆனால் சோர்வு இல்லை. நல்லவர். சாப்பிடக்கூட மறந்து உழைத்தார். அதுதான் கலைமதிக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் மனதுக்குள் திட்டவாவது செய்யலாம். "இனிமே ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு ஓட்டு. கார்டோட சேத்திருக்கிற நம்பருக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னாத்தான் ஓட்டு."

"நம்பரு வீட்டுக்காரர் நம்பரா இருக்குமே சார்."

"இருக்கட்டும்?"

"அவங்க நம்பரு அவங்களோட ஷார்ஜாவுல இருக்கும்."

"அப்ப பாறையில இருந்து கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதான். நீங்க கூட இருந்து உதவி பண்ணுங்க. டிரம் பாக்குறதை ஒரு மாசம் நிறுத்தி வைங்க மேடம். வீடு வீடாப் போறதைவிட இங்க உங்க தேவை அதிகம்."

பாறை உச்சியில் சாமியானா போட்டார்கள். கலைமதிக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, 'உதவி மையம்' என்று ஒரு அட்டை. ஓடிபி தொண்ணூறு விநாடிக்குள் செத்துவிடும். அதற்குள் ஷார்ஜாவில் இருப்பவன் வேலையை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும்.

முதல் ஆளாகப் புவனேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். போனில் உதயசூரியனின் முகம் தலைக்கவசத்தோடு தெரிந்தது.

"ஏங்க, நம்பரு வந்துச்சா? வெரசாச் சொல்லுங்க."

"வந்துச்சு. எந்தத் தெருவுக்குடி போடப் போறே?"

"எதுக்குப் போட்டா ஒங்களுக்கு என்ன? நம்பரச் சொல்லுங்க."

"எந்தத் தெருவுன்னு கேட்டேன்."

"கீழத்தெருவுக்கு."

தலைக்கவசம் கழன்றது. "ஒங்க ஆத்தா வீட்டுத் தெருவுக்கு எங்க வீட்டு ஓடிபியா? இதுக்கா நான் இந்த வெயில்ல கெடந்து சாவுறேன்?"

"என் தம்பி மகனுக்குக் காய்ச்சலுங்க. ஒங்க சித்தப்பா மாடிக்கு அடிச்சாச் சரி, எந்தம்பி வீட்டுக்கு அடிக்கக் கூடாதோ?"

"புவனா, முப்பது செகண்டுதான் இருக்கு" என்றாள் கலைமதி.

"இருங்கக்கா, பதினோரு வருஷமா கேக்க நெனச்சதைக் கேட்டுட்டு வந்துடுறேன்."

அந்த ஓடிபி செத்தது. அடுத்ததும் செத்தது. ஆறாவது ஓடிபியில் புவனேஸ்வரி அழுதாள், ஏழாவதில் உதயசூரியன் அழுதான், எட்டாவதில் இருவரும் சேர்ந்து ஒன்றுமே தெரியாத வடக்குத்தெருவுக்கு ஓட்டுப் போட்டார்கள். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். மறுநாள் வரிசை நாற்பதானது.

காத்திருக்கிற மக்கள் கஷ்டப்படக் கூடாது என்று அரவிந்த்குமார் நிலவேம்புக் கசாயத்துக்கு ஏற்பாடு செய்தார். காகிதக் கப்பில் வாங்கி, முகத்தைச் சுளித்துக் குடித்து, கப்பைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு, வாய்க் கசப்புக்கு ராக்கனிடம் ஆளுக்கொரு இளநீர். மத்தியானத்தில் சிறு தூறல் போடும், நாலு மணிக்கு வெறிக்கும், கூட்டம் ஏறும்.

இப்போது யாரும் அவளைக் கொசுக்காரம்மா என்று கூப்பிடுவதில்லை. ஓடிபி மேடம். "ஓடிபி மேடம், எங்க வீட்டுக்காரரு லைன்ல வரலை, நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்." பேசினாள். சிங்கப்பூரில் இருப்பவன் "வணக்கம் மேடம்" என்றான். ஆறு வருஷம் வாசலில் நிற்கவைத்துப் பேசிய பெண்கள் தங்கள் தட்டிலிருந்து முறுக்கை எடுத்து அவள் கையில் வைத்தார்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது, ஆறு வருஷமாகத் தான் குனிந்தே இருந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிப் பிடித்திருந்தது.

மாலையில் அவளை வண்டியில் அழைத்துப் போக வரும் கணவன் மலையாண்டி, ஒருநாள் பாறையடியில் நின்றபடியே நடுங்க ஆரம்பித்தான். டெங்கு. படுத்துவிட்டான். காலையில் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் எட்டிப் பார்ப்பாள். வைஷ்ணவி நன்றாக இருந்தாள். ஊரே விழுந்தாலும் தான் பார்த்த ஒரு வீடு விழவில்லை. அந்தப் பெருமையோடு பாறையேறுவாள்.

ஒரு நாள் ராக்கன் மேசைக்கு வந்தார். கணுக்காலைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"மேடம், நான் யாவாரம் பண்ற எடத்துக்கும் கொஞ்சம் புகை அடிக்கச் சொல்லுங்க. உக்கார முடியலை, புடுங்கித் தின்னுது."

"ஆப்ல பதிவு பண்ணணும் அண்ணே. கதவு எண் சொல்லுங்க."

"இளநிக் கொலைக்கு ஏதும்மா கதவு?"

"கதவு எண் இல்லேன்னா ஆப் எடுத்துக்காதே."

"அப்ப ஒரு கதவு செஞ்சு நட்டு வைக்கவா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கலைமதியும் சிரித்தாள். அடுத்த ஓடிபி வந்துவிட்டது.

காய்ச்சல் முப்பத்து மூன்று.

"இங்க பாருங்க மேடம், இதைப் பாருங்க!" அரவிந்த்குமார் ஓடிவந்து போனை நீட்டினார். திரையில் கரட்டுப்பட்டி பொட்டுப் பொட்டாக இருந்தது. "பச்சை, ஓட்டுப் போட்ட வீடு. சிவப்பு, காய்ச்சல் வந்த வீடு. எங்க பச்சையோ அங்கதான் சிவப்பு! இது என்னன்னு தெரியுதா?"

"என்ன சார்?"

"பாதிக்கப்பட்டவங்கதான் முன்னால வந்து பேசுறாங்க. இதைத்தான் நான் படிச்ச படிப்பு முழுக்கத் தேடினேன்."

கலைமதிக்கு உள்ளே ஏதோ ஒன்று குத்தியது. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீருக்குள் ஏதோ துடித்தால் வருகிற உறுத்தல். குனிந்து பார்ப்பதற்குள் "ஓடிபி மேடம்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

மேலிடத்தில் அந்தப் படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. டாக்டரும் ரத்தப் பரிசோதனைக் கருவியும் கட்டில்களுமாக மூன்று நாள் முகாமே ஊருக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே நிபந்தனை. ஊர் நூற்றுக்கு நூறு பங்கேற்றிருக்க வேண்டும். முதல் நூறு சதவீத ஊருக்குத்தான் முதல் முகாம்.

காய்ச்சல் நாற்பத்தொன்று. முகாம் வந்தே ஆக வேண்டும். படுத்திருந்தவர்களைப் போர்வையோடு பாறைக்குத் தூக்கி வந்தார்கள். மூன்றே நாளில் நூற்றுப் பதினேழு வீடு பச்சையாகிவிட்டது.

"ஒண்ணு பாக்கி" என்றார் அரவிந்த்குமார். "நடுத்தெரு. வைஷ்ணவி வசந்த்."

"அதுக்கு எட்டு மாசம் ஆச்சு சார். மேட்டுல ஏறக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காக."

"ஏற வேண்டாம் மேடம். தூக்கிட்டுப் போவோம்."

அன்று நாலு மணிக்கு வைஷ்ணவியின் வாசலில் நாற்காலி ஒன்று வந்து நின்றது. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. தூக்குவதற்கு நாலு பேர். மேளக்காரர் ஒருவரும் வந்திருந்தார். அமிர்தவல்லி சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார். சாமியானாவில் ரிப்பன் கட்டிக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

"ஏம்மா கலை, ஒன் பேச்சைத்தான் அந்தப் பிள்ளை கேக்கும்" என்றார். "நாப்பது பேரு உசுரு இந்த ஒரு ஓட்டுல இருக்கு. கூட்டிக்கிட்டு வா."

நாற்பது பேரில் மலையாண்டியும் ஒருவன். கலைமதி உள்ளே போனாள்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் வைஷ்ணவி தயாராக இருந்தாள். தலைவாரி, பூ வைத்து, வசந்த் போன தடவை கொண்டுவந்த சேலை. கண்ணாடி முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்தாள்.

"எனக்கென்னக்கா பயம்? ரெண்டு மாசமாச்சு அவரு மொகத்தைப் பாத்து. பேச்சு மட்டும்தான். அதுவும் நான் கத்துறது தெருவுக்கே கேக்குது, அவருக்குத்தான் கேக்க மாட்டேங்குது. வயிறு தெரியுற மாதிரி போனைப் பிடிக்கணுமாம், இப்பவே சொல்லிட்டாரு."

"மெதுவா வா. நான் கையைப் பிடிச்சுக்கிறேன்."

"அத்தைதான் மனசில்லாம நிக்கிறாக." சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தாள். "எங்க வீட்டு ராசி போயிருமாம்."

"என்ன ராசி?"

கட்டிலுக்கடியில் செருப்பைக் காலால் துழாவியபடி, கேலியாகத்தான் வைஷ்ணவி சொன்னாள்:

"இந்தத் தெருவுலயே பாறை ஏறாத வீடு எங்க வீடு ஒண்ணுதானாம்க்கா. காய்ச்சல் வராத வீடும் எங்க வீடு ஒண்ணுதானாம்."

வெளியே மேளம் ஒரு தடவை தட்டி நின்றது.

கலைமதி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மனதுக்குள் நடந்து பார்த்தாள். எதிர்வரிசையிலும் நடந்து திரும்பினாள். பதினேழு கதவு, பதினேழிலும் காய்ச்சல். தன் வீட்டுக் கதவும் அதில் ஒன்று. பாறையின் பின்பக்கம் ஒரு மாதமாகக் குவிந்து, வெட்டிய வாயை வானத்துக்குத் திறந்துகொண்டு கிடக்கும் இளநீர் மட்டைகள் வந்தன. இடுக்கு இடுக்காகச் செருகிய கப்புகள் வந்தன. தூறல் தேங்கி நிற்கும் குழிகள் வந்தன. ஒவ்வொரு குழிவிலும் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நாற்காலி போட்டு, வேப்பெண்ணெய் மணக்க, குனியவே குனியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா? என்னக்கா, மயக்கமா?"

"ஒண்ணுமில்லத்தா. பூவை எடுத்துடாத. அப்படியே இரு. வசந்தை நான் வேற எப்படியாவது பாக்க வைக்கிறேன்."

எழுந்து வாசலுக்கு வந்தாள். நாலு பேரும் நாற்காலியைத் தோளுக்குத் தூக்கத் தயாராகக் குனிந்தார்கள். அரவிந்த்குமார் போனில் கேமராவைத் திறந்து வைத்திருந்தார்.

"வந்துட்டாங்களா மேடம்? சொல்லிட்டீங்களா?"

"வைஷ்ணவி வரலை சார்."

"ஏன்? ஒரே ஒரு ஓட்டு மேடம்! இது மட்டும் விழுந்தா நூறு! நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க. சொல்லுங்க."

கலைமதி வாசல் கேட்டைச் சாத்தி, கொண்டியை உள்பக்கமாகப் போட்டாள்.

"தொண்ணூத்தொம்பதுலயே இருக்கட்டும் சார்."